இத்தாலிக்காரர் போட்ட சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி இத்தாலிக்காரர் கூப்பிட்டபோது எங்கள் நான்கு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நானே சமைப்பேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, கரண்டியால் கிளறுவதுபோல் ஜாடை காட்டிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் குன்றத்தூர் அண்ணன் கையுறையைக் கழற்றிப் பெஞ்சின்மேல் போட்டார்.

"இன்னாபா இது? நாலு மாசமா ஒரு டீ வாங்கித் தராத ஆளு, இப்ப வூட்டுக்குக் கூப்ட்டு சோறு போட்றானாம்."

ஒரகடத்தில், கார் கதவுகளுக்குத் தகடு அடித்து வளைக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் மூன்றாவது வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தேன். புதிதாக வந்து இறங்கிய பிரஸ் மெஷினைப் பொருத்தி ஓட வைத்துவிட்டுப் போவதற்காகக் கம்பெனி வரவழைத்த இன்ஜினியர்தான் அந்த இத்தாலிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். அவருக்குக் கீழே மெயின்டனன்ஸ் வேலைக்கு எங்கள் நான்கு பேரை விட்டிருந்தார்கள். நான்கு பேரும் கான்ட்ராக்ட். மெஷின் சீராக ஓட ஆரம்பித்ததும் பர்மனென்ட் செய்வதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்களில் மூத்தவர் குன்றத்தூர் அண்ணன். மனைவி, இரண்டு பிள்ளைகள். தினமும் குன்றத்தூரிலிருந்து பைக்கில் வருவார். மணிமங்கலத்துக்காரன் என் வயதுக்காரன், கலகலப்பானவன், தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பான். மூன்றாமவன் சாத்தூரிலிருந்து என்னோடு ஒரே ரயிலில் வந்தவன். இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அது கார்த்திகை மாதம். அவன் மாலை போட்டிருந்ததால் எல்லாருமே அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டோம்.

நாங்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு காலையில் மெஷின் நின்றுபோனது. ஆள் கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. அதற்குப் போகும் ஒயர் அறுந்து கிடந்தது. ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரு கதவுகூட வெளியே வரவில்லை. மறுநாள் ஹெச்.ஆர். மேனேஜர் எங்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்கு அழைத்தார். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, உங்க நாலு பேர்ல யாருக்குக் கம்பெனி மேல கோவம்?"

யாருக்கும் இல்லை என்றேன். மற்றவர்களும் அதையேதான் சொன்னதாகச் சொன்னார்கள். ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு, எவனாவது ஒருவன் மேனேஜர் அறையில் ஐந்து நிமிஷம் கூடுதலாக இருந்தால் மற்ற மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

இப்போது இந்தச் சாப்பாடு. சனிக்கிழமை டீ நேரத்தில் குன்றத்தூர் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நீ முன்னாடியே போ," என்றார் என்னிடம். "கூடமாட ஒத்தாசைக்கு வந்தேன்னு சொல்லு. இன்னா பண்றான், எவனுக்குப் போன் போட்றான், வேற யாரு வர்றாங்கன்னு பாத்துகினே இரு. உனக்குத்தான் அவன் இங்கிலீசு புரியுது."

"தின்னுட்டு கையெழுத்து போடச் சொல்வான் பாரு," என்றான் மணிமங்கலத்துக்காரன்.

சாமி அங்கே தண்ணீர்கூடக் குடிக்கப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் அவருடைய குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குப் போய் மணியடித்தேன். கதவைத் திறந்தவர் இடுப்பில் துண்டைக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒத்தாசைக்கு வந்தேன் என்றேன். அவர் உடனே உள்ளே விடவில்லை. என் பின்னால் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். வேறு யாரும் வருகிறார்களா என்று அவரும் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

சமையலறை மேடையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பாஸ்தா, சாய்வாக வெட்டிய குழாய்த் துண்டுகள் மாதிரி. கேரட், பீட்ரூட், முள்ளங்கி. ஒரு பை நிறையச் சேப்பங்கிழங்கு. தட்டில் விரல் பருமனுக்கு, ஒன்றோடொன்று முறுக்கிக் கோத்த இளஞ்சிவப்புச் சரம். ஆட்டுக்குடலோ என்று குனிந்து பார்த்தேன். சாசேஜ் என்றார். நான் அந்தப் பெயரைக் கேட்டிருந்தேனே தவிர பார்த்ததில்லை. கறியைக் கொத்தி மசாலா சேர்த்துக் குடலுக்குள் அடைத்தது. சென்னையில், பதப்படுத்திய கறி விற்கும் ஒரு கோல்டு ஸ்டோரேஜுக்குப் போய் வாங்கி வந்தாராம்.

"என்ன கறி?" என்று கேட்டேன்.

"பன்றி."

உள்ளே வேறு ஏதாவது இருக்குமோ என்று மறுபடி கேட்டேன். பன்றி, உப்பு, மிளகு, பெருஞ்சீரகம் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பெருஞ்சீரகம் என்றால் நம் சோம்புதான் என்று முகர்ந்து பார்த்தபிறகுதான் நம்பினேன்.

அவர் சேப்பங்கிழங்கைப் பச்சையாகத் தோல் சீவ ஆரம்பித்திருந்தார். ஏதோ ஒரு ஜாதி உருளைக்கிழங்கு என்று நினைத்து வாங்கிவிட்டார். பேசிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார், பிறகு விரலிடுக்கு, பிறகு கழுத்து. எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இந்த ஆளுக்கு உள்ளுக்குள் ஏதோ பதற்றம், அதான் சொறிகிறான் என்று அண்ணனிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். கிழங்குதான் காரணம் என்று தெரிந்தே அப்படி நினைத்தேன். கை இரண்டும் தடித்துச் சிவந்தபிறகுதான் மனசு கேட்காமல் கத்தியை வாங்கி வைத்தேன்.

"இதைப் பச்சையா தொடக்கூடாது சார். வேகவெச்சுத்தான் உரிக்கணும்."

அரிப்புக்குப் புளி இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உனக்கு முதலிலேயே தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன்.

அவருக்குச் சமையல் அவ்வளவாக வராது என்பது சீக்கிரமே புரிந்தது. வெங்காயத்தைக் கருக விட்டார். நான் அதைக் கொட்டிவிட்டு வேறு வெங்காயம் நறுக்கினேன். அறையில் நான்தான் சமையல் என்பதால் கை பழகியிருந்தது. சாசேஜை அவர் துண்டு போட்டு வாணலியில் இட்டார். எண்ணெயே தேவைப்படவில்லை, அதன் கொழுப்பே உருகி வழிந்தது. சோம்பும் கறியும் வறுபடும் வாசனை எழுந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதிலும் எனக்கு எரிச்சல் வந்தது, வேவு பார்க்க வந்தவனுக்குப் பசி எதற்கு என்று.

வாணலியை என்னிடம் விட்டுவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். மெதுவான குரலில், வேகமாக, அவர்கள் பாஷையில் பேசினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவில் என் பெயர் வந்தது. பிறகு மற்ற மூன்று பேரின் பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவோரம் நின்றேன். திரும்பி வந்தவர் என்னைக் கதவருகே பார்த்துவிட்டு, "என் மனைவி," என்றார். "எத்தனை பேருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டேன்." உப்புக்கு எங்கள் பெயர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சீஸ் துருவ ஒரு துருவி வேண்டும், ஹாலில் மேஜை இழுப்பறையில் இருக்கும், எடுத்து வா என்றார். இழுப்பறையைத் திறந்தேன். துருவி கிடந்தது. அதன் அடியில் கம்பெனி முத்திரை போட்ட ஒரு தாள். தட்டச்சு செய்த நான்கு பெயர்கள், எங்கள் நான்கு பேருடையவை. இரண்டைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. என் பெயரும் மணிமங்கலத்துக்காரன் பெயரும். கீழே கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு ஒயர்தான் ஞாபகம் வந்தது. வட்டம் போட்ட இரண்டு பேர்தான் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். தாளைப் பழையபடி வைத்துவிட்டுத் துருவியோடு சமையலறைக்கு வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஹாலுக்குப் போய் இழுப்பறையை மூடும் சத்தம் கேட்டது. நான் திறந்தே விட்டுவிட்டு வந்திருந்தேன். பீட்ரூட்டை நறுக்கினேன். கை இரண்டும் மணிக்கட்டு வரை சிவந்துபோனது.

கேரட்டும் முள்ளங்கியும் பீட்ரூட்டும் கறிக் கொழுப்பிலேயே வதங்கின. தக்காளியும் பூண்டும் சேர்த்து மூடி வைத்தோம். அவித்த சேப்பங்கிழங்கை நான் உரித்துத் தனியாக மொறுமொறுவென்று வறுத்தேன். பாஸ்தாவை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு கிண்ணம் எடுத்து வாணலியில் ஊற்றினார். எல்லாம் சேர்ந்து கெட்டியாகி, கல்யாண வீட்டுக் கேசரி நிறத்துக்கு வந்தது. அவர் பார்க்காதபோது ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போட்டேன்.

ஆறரைக்கு மற்ற மூவரும் ஒன்றாக வந்தார்கள். நெற்றியில் விபூதியோடு சாமி வாசலிலேயே நின்றான். வீடு முழுக்கக் கறி வாசனை. அவனுக்காக இத்தாலிக்காரர் பால்கனியில் ஒரு நாற்காலியைப் போட்டு, வாழைப்பழமும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் வைத்தார். கறுப்பு வேட்டிக்கு என்ன அர்த்தம் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார். சாமி பழத்தைத் தொடவில்லை.

"இன்னா பாத்த?" என்று குன்றத்தூர் அண்ணன் என் காதோரம் கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே. அவுக வீட்டம்மாகிட்ட பேசுனாரு. உப்பு கேட்டாராம்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

ஏன் மறைத்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். என் பெயர்மேல் வட்டம் இருந்ததால் மறைத்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

தட்டுகளில் பரிமாறினார். யாரும் கை வைக்கவில்லை. அண்ணன் ஒரு சாசேஜ் துண்டை முள்கரண்டியால் புரட்டிப் பார்த்து, "இன்னாத்துல அடச்சி வச்சிகீறான் இத?" என்றார். மணிமங்கலத்துக்காரன் இத்தாலிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் முன்னால் ஒரு பெரிய வாய் அள்ளிப் போட்டு மென்றார். மிளகாய் உறைத்துக் கண்ணில் நீர் வந்தது. என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் நாங்கள் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. முள்ளங்கி இனிப்பாக மாறியிருந்தது. அண்ணன் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே.

சாப்பிட்டு முடித்தபிறகு அவர் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்து, நான் சொல்வதை அப்படியே அவர்களுக்குச் சொல் என்றார். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். ஒயரை யாரும் வெட்டவில்லை. எலி கடித்தது. பல் தடத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டார். மேனேஜருக்கு அது எலி என்று தெரியும். தெரிந்தேதான் எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார். ஏனென்றால் நான்கு பேரில் இரண்டு பேரை மட்டும்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். மற்ற இரண்டு பேரை அனுப்ப ஒரு சாக்கு வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பேரை அவர்களே குறித்து அவரிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் போடவில்லை. நான்கு பேரும் வேண்டும் என்று பதில் எழுதிவிட்டார். அவர் போனபிறகு என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. தொழிற்சாலைக்குள் வைத்து இதைச் சொல்ல முடியாது என்பதால்தான் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல வட்டத்துக்கு அர்த்தம் மாறியது. நான் மாட்டிக்கொண்டவன் இல்லை, தப்பித்தவன்.

"யாரு அந்த ரெண்டு பேரு? கேளு," என்றார் அண்ணன்.

கேட்டேன். அதைச் சொல்லமாட்டேன் என்றார் இத்தாலிக்காரர். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவ்ளோதான் சொன்னானா? நீ எதுனா முழுங்கலையே?"

"இல்லண்ணே. சத்தியமா."

பால்கனியிலிருந்து சாமி எழுந்து வந்தான். "அவரு சொல்றத நம்பலாமாடே?" என்றான் என்னிடம். நம்பலாம் என்றேன். எனக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே.

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு எவன் கூப்ட்டாலும் தனியா எவனும் எதுலயும் கையெழுத்து போடக்கூடாது. வச்சிகினா நாலு பேரையும் வச்சிக்க, இல்லன்னா நாலு பேரும் போறோம். புது மெஷினு. நம்மள வுட்டா இங்க அதத் தொட ஆளு கெடையாது. இன்னாபா?"

சரி என்றான் மணிமங்கலத்துக்காரன். சரி என்றான் சாமி. நானும் சரி என்றேன். இத்தாலிக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருக்கு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை. வாசலில் எல்லாரிடமும் கைகுலுக்கினார். தடிப்பு இன்னும் அடங்கவில்லை, கை சொரசொரவென்றிருந்தது. எட்டு மணிக்கெல்லாம் நானும் சாமியும் பஸ் ஏறிவிட்டோம்.

மறுநாள் காலை மேனேஜர் முதலில் மணிமங்கலத்துக்காரனைக் கூப்பிட்டார். அவன் கால் மணி நேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல் கழிப்பறைப் பக்கம் போனான். அடுத்து நான்.

"உக்காருங்க தம்பி," என்றார் மேனேஜர். மேஜைமேல் பர்மனென்ட் ஆர்டர் இருந்தது. பக்கத்தில் இன்னொரு தாள், ஒயர் விஷயம் கம்பெனிக்குத் திருப்தியாக விசாரித்து முடிக்கப்பட்டது என்று எழுதியது. அதில் எலி என்ற வார்த்தையே இல்லை, அதிலும் ஒரு கையெழுத்து வேண்டும்.

"மத்தவங்க சார்?" என்றேன்.

"உங்க பிரெண்டு இப்பத்தான் போட்டுட்டுப் போறாரு. நீங்க என்ன முடிவு பண்றீங்க?"

அவன் வெளியேதான் இருக்கிறான். கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கிட்டாரும் கையுமாகத் திரிகிறவன், போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை ஞாபகப்படுத்திக்கொண்டேன். நான் போடாவிட்டால் அவன் ஒருவன் மட்டும் உள்ளே, நாங்கள் மூன்று பேர் வெளியே என்று கணக்குப் போட்டேன். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

அவன் அதுவரை போட்டிருக்கவில்லை. யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறான். மத்தியானம் அவனை மறுபடி கூப்பிட்டு என் கையெழுத்தைக் காட்டினார்கள். அப்புறம் போட்டான்.

அண்ணனையும் சாமியையும் கூப்பிடவே இல்லை. வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் வந்து, திங்கள்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று கேட் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். இத்தாலிக்காரர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். போவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து ஏதோ கேட்க நினைத்தவர் மாதிரி நின்றார். பிறகு மெஷினின் ஆயில் அளவைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டதை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சாமி இன்னும் பத்து நாள் அந்த அறையிலேயே இருந்தான். மலைக்குப் போய்விட்டு வந்துதான் கிளம்புவதாகச் சொல்லியிருந்தான். நான் வடித்த சோற்றைச் சாப்பிடவில்லை, தனியாக ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டான். ஒருநாள் நானே ஆரம்பித்தேன். மணிமங்கலத்துக்காரன் போட்டுவிட்டதாக மேனேஜர் சொன்னதை, நான் அதை நம்பிப் போட்டதைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"மூணு மணிக்கே அங்க போயி என்ன செஞ்ச?" என்றான்.

"காய் நறுக்குனேன்டே."

"காய்தான் நறுக்குனியா?"

அப்போதாவது அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தாலிக்காரரோடு சேர்ந்து நான்தான் அந்த இரண்டு பெயரைத் தேர்ந்தெடுத்தேன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். "நான் அந்த வீட்டு உப்பத் திங்கல. அது போதும்," என்றான். மாலையைக் கழற்றிய இரண்டாம் நாள் ஓசூருக்கு வேலை தேடிப் போனான். போன் நம்பரை மாற்றிவிட்டான்.

நான்கைந்து வருஷம் கழித்து, குன்றத்தூர் பஸ் நிலையத்தருகே ஷேர் ஆட்டோவில் குனிந்து ஏறியபோது டிரைவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன். முடி நரைத்திருந்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். "உக்காருபா," என்றார். ஆள் சேரும்வரை வண்டி நின்றது. நான் முன்சீட்டுக்கு மாறி, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறை, வட்டம், அவரிடம் சொன்ன பொய், மேனேஜர் சொன்ன பொய், எல்லாம். அவர் ஹாண்டில்பாரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மணிமங்கலத்துக்காரன் போடலன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வருஷம் கழிச்சுண்ணே. நான் கேட்டேன், அவனே சொன்னான்."

"ரெண்டு வருசமா ஒரே மெஷின்லதானே நின்னுகினு இருந்தீங்க."

"ஆமா."

"அப்பக்கூடக் கேக்கத் தோணலியா?"

அவன் என்ன சொல்லிவிடுவானோ என்று பயந்து கேட்காமலே இருந்தேன் என்பதை எப்படிச் சொல்வது? அண்ணனும் அதற்குமேல் கேட்கவில்லை. கோபமாக இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் இரண்டு பெண்கள் சாப்பாட்டுப் பையோடு ஏறினார்கள். அவர் துணியை மடித்து சீட்டுக்கடியில் செருகிவிட்டு, பக்கத்தில் போகிறவர்களைப் பார்த்து, "ஒரகடம், ஒரகடம், ஒரு ஆளு," என்று குரல் கொடுத்தார்.